வேகம் மலிவானது, நினைவுகள் பத்திரமா?

அரிசி, பருப்பு, பேருந்துக் கட்டணம், பள்ளிக் கட்டணம் என எதன் விலையைக் கேட்டாலும் ‘ஏறிவிட்டது’ என்பதே பதிலாக இருக்கிறது. இந்தப் பொது வழக்கத்துக்கு விலக்காக இருந்த பொருள்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, கணினியில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் ஃபிளாஷ் நினைவகம். 2008-ல் இன்டெல் நிறுவனம் 80 ஜிபி கொள்ளளவு கொண்ட எஸ்எஸ்டி ஒன்றைத் தனிநபர் கணினிகளுக்காக வெளியிட்டபோது, ஆயிரக்கணக்கில் வாங்குவோருக்கே அதன் விலை 595 டாலர். ஒரு ஜிபிக்கு ஏழு டாலருக்கும் மேல். 2023-ன் நடுப்பகுதியில் 1 டிபி, அதாவது 1,000 ஜிபி கொள்ளளவுள்ள எஸ்எஸ்டி 50 டாலருக்குள் கிடைத்தது. ஒரு ஜிபிக்கு ஐந்து சென்ட். பதினைந்து ஆண்டுகளில் விலை ஏறக்குறைய நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இந்த வீழ்ச்சியால் வீட்டுக் கணினி அடைந்த நன்மை பெரிது. ஆனால், எதனால் விலை குறைந்தது, இந்த மலிவுக்கு மாற்றாக எதை விட்டுக்கொடுத்தோம் என்ற கேள்விகள் கடையில் எழுவதில்லை. குடும்பப் படங்கள், நிலப் பத்திரங்களின் நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வாழ்நாள் முழுவதும் எழுதிய குறிப்புகள் எல்லாம் இந்தச் சில்லுகளுக்குள் குடியேறிவிட்ட காலம் இது. எனவே, அந்தக் கேள்விகளைத் தொழில்நுட்பர்களின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

சுழலும் தட்டின் தாமதம்

எஸ்எஸ்டியின் அருமை விளங்க வேண்டுமானால், அதற்கு முன்பிருந்த ஹார்ட் டிஸ்க் எனும் வன்தட்டை அறிந்துகொள்ள வேண்டும். 1956-ல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனை பெரிய கருவியில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. பின்னாளில் உருவம் சுருங்கிக் கொள்ளளவு பெருகினாலும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு கை முன்னும் பின்னும் நகர்ந்து படிக்கிறது, எழுதுகிறது.

மேசைக் கணினியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி ஆகிறது. வேண்டிய இடம் கைக்கு நேர்கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு 4 மில்லிவிநாடிக்குச் சற்று மேல். கை உரிய வட்டத்துக்கு நகர்ந்து நிற்க மேலும் ஏறத்தாழ 9 மில்லிவிநாடி. ஆக, ஒவ்வொரு தேடலுக்கும் 13 மில்லிவிநாடி. விநாடிக்கு எழுபத்தைந்து தேடல்களுக்கு மேல் செய்ய அந்தக் கையால் இயலாது.

13 மில்லிவிநாடி என்பது இமைப்பொழுதினும் குறைவுதானே என்று தோன்றலாம். ஆனால், கணினி இயங்கத் தொடங்கும்போது ஒரே ஒரு பெரிய கோப்பைப் படிப்பதில்லை. தட்டின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடிப் படிக்கிறது. ஒரு துண்டு 4 கிலோபைட் என்று கொண்டால், எழுபத்தைந்து தேடல்களில் கிடைப்பது விநாடிக்கு 300 கிலோபைட் மட்டுமே. அதே வன்தட்டு ஒரு திரைப்படத்தைத் தொடர்ச்சியாக நகலெடுக்கும்போது விநாடிக்கு 150 மெகாபைட் வேகம் காட்டும். தொடர்ச்சியாகப் படிக்கும்போது குதிரை. தேடிப் படிக்கும்போது நத்தை. நம் கணினிகள் முன்பு பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடித்து வரும் வரை காத்திருக்க வைத்ததன் காரணம் இதுதான்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் தரவும் மின்சமிக்ஞையால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எட்டக்கூடியதாக இருக்கிறது. சாதாரண எஸ்எஸ்டி ஒன்று ஒரு தேடலை 0.1 மில்லிவிநாடியில் முடிக்கிறது. விநாடிக்குப் பத்தாயிரம் தேடல்கள் என்றால், அதே 4 கிலோபைட் துண்டுகள் விநாடிக்கு 40 மெகாபைட் அளவுக்கு வந்து குவிகின்றன. வன்தட்டைவிட நூற்று முப்பது மடங்கு. கணினி வரலாற்றில் வீட்டுப் பயனர் ஒருவர் ஒரே ஓர் உறுப்பை மாற்றி இத்தகைய முன்னேற்றம் கண்டது வேறு எப்போதும் நிகழ்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரே குடம், பல கோடுகள்

இனி, விலை குறைந்த கதைக்கு வருவோம். மின்சாரம் நின்ற பின்னும் சிலிக்கான் சில்லுக்குள் தகவலைத் தேக்கிவைக்கும் வழியை 1967-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் சே ஆகிய இருவர் முன்வைத்தனர். மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு நுண்ணிய இடத்தில் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்துவதே அந்த வழி. சிறையில் எலெக்ட்ரான்கள் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் மற்றொரு பொருள். இதன் அடிப்படையில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா 1980-களில் ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். பெரும் பகுதியை ஒரே நொடியில் அழிக்க முடிவது நிழற்படக் கருவியின் ஒளிவெட்டை நினைவூட்டுகிறது என்று அவருடைய சகா ஒருவர் சொன்னதால் அந்தப் பெயர் வந்தது. இன்று எஸ்எஸ்டிகளிலும் பென் டிரைவ்களிலும் கைபேசிகளிலும் இருப்பது 1987-ல் அவர் குழு வெளியிட்ட ‘நாண்ட்’ என்னும் வகை.

தொடக்கத்தில் இது பெருஞ்செல்வர்களுக்கும் எட்டாததாக இருந்தது. 1991-ல் இன்றைய சான்டிஸ்க் நிறுவனம் ஐபிஎம்முக்காகத் தயாரித்த எஸ்எஸ்டியின் கொள்ளளவு 20 மெகாபைட். விலை ஏறத்தாழ 1,000 டாலர். அந்தக் கணக்கில் இன்றைய 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு ஐந்து கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்த விலை மூன்று வழிகளில் கரைந்தது. முதலாவது, நினைவகத்தின் சிற்றறைகளை மேலும் மேலும் சிறிதாக்குவது. சிற்றறைகள் நெருங்க நெருங்க ஒன்றின் மின்னூட்டம் அடுத்ததைத் தொந்தரவு செய்யத் தொடங்கியதால், 2010-களின் நடுவில் இந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. இரண்டாவது, தரையில் இடமில்லாத நகரம் அடுக்குமாடிகளைக் கட்டுவதுபோலச் சிற்றறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. 2013-ல் சாம்சங் 24 அடுக்குகளுடன் உற்பத்தியைத் தொடங்கியது. 2024-ல் எஸ்கே ஹைனிக்ஸ் 321 அடுக்குகளை எட்டியது. விலை வீழ்ச்சியில் பெரும் பங்கு இந்த அடுக்குமாடிக்கே உரியது.

மூன்றாவது வழியில்தான் நாம் கவனம் வைக்க வேண்டும். ஒவ்வொரு சிற்றறையையும் ஒரு குடமாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் தலைமுறைச் சில்லுகளில் குடம் காலியா, நிறைந்ததா என்ற இரண்டே நிலைகள். அதில் அடங்குவது ஒரு பிட். அதே குடத்துக்குள் கோடுகள் போட்டு, நான்கு நீர்மட்டங்களைப் பிரித்தறிந்தால் இரண்டு பிட்டுகளைச் சேமிக்கலாம். எட்டு மட்டங்களுக்கு மூன்று பிட். பதினாறு மட்டங்களுக்கு நான்கு பிட். மூன்று பிட் வகையை டிஎல்சி என்றும், நான்கு பிட் வகையைக் கியூஎல்சி என்றும் அழைக்கிறார்கள். குடம் அதே குடம். செலவும் ஏறக்குறைய அதே செலவு. கொள்ளளவு மட்டும் கூடுகிறது. மலிவின் சூட்சுமங்களில் ஒன்று இது.

ஆனால், பதினாறு கோடுகள் போட்ட குடத்தில் நீர் ஊற்றும்போது கை நடுங்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அளந்து பார்த்து, மீண்டும் ஊற்ற வேண்டும். எனவே, எழுதும் வேகம் குறைகிறது. இரண்டே நிலைகள் உள்ள குடத்தில் சிறிது நீர் கசிந்தாலும் பாதகமில்லை. பதினாறு கோடுகள் உள்ள குடத்தில் சிறு கசிவும் பதினோராம் கோட்டைப் பத்தாம் கோடாக்கிவிடும். அதோடு, ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் சிற்றறையைச் சூழ்ந்த காப்புப் படலம் சற்றே தேய்கிறது. ஒரு பிட் வகை ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அழித்து எழுதப்படுவதைத் தாங்கும். டிஎல்சி ஆயிரம் முதல் மூவாயிரம் முறை வரை தாங்கும். கியூஎல்சியின் தாங்குதிறன் சில நூறு முதல் ஆயிரம் வரை.

இதில் மற்றொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பிட்டிலிருந்து இரண்டு பிட்டுக்குப் போனபோது கொள்ளளவு இரட்டிப்பானது. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு ஆதாயம் மட்டுமே. ஆனால், பிரித்தறிய வேண்டிய மட்டங்களோ எட்டிலிருந்து பதினாறாக இரட்டிக்கின்றன. ஆதாயம் குறைந்துகொண்டே வருகிறது. அதற்குக் கொடுக்கும் விலை கூடிக்கொண்டே போகிறது.

அட்டைப்பெட்டியின் வேகமும் வீட்டின் வேகமும்

கடைகளில் எஸ்எஸ்டியின் அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ஒரு வேகம் அச்சிடப்பட்டிருக்கும். ‘சாட்டா’ இணைப்பில் இயங்கும் பழைய வகை என்றால் விநாடிக்கு 550 மெகாபைட். கணினியின் தாய்ப்பலகையில் நேரடியாகச் செருகும் என்விஎம்இ வகை என்றால் 3,500, 7,000, இப்போது 14,000 வரை வந்துவிட்டது. எண் இரட்டிக்கும்தோறும் கணினியின் சுறுசுறுப்பும் இரட்டிக்கும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவல்ல.

அந்த எண்கள் யாவும் ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தைக் குறிப்பவை. வீட்டுக் கணினியின் அன்றாட வேலை பெரும்பாலும் சிறு துண்டுகளைத் தேடிப் படிப்பதே என்று மேலே பார்த்தோம். அந்த வேலையில் வன்தட்டு விநாடிக்கு 300 கிலோபைட். சாட்டா எஸ்எஸ்டி 40 மெகாபைட். நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி 80 மெகாபைட் அளவில் நிற்கிறது. முதல் தாவல் நூற்று முப்பது மடங்கு. இரண்டாவது தாவல் இரண்டு மடங்கு மட்டுமே. உலாவியைத் திறப்பது, கடிதம் எழுதுவது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது போன்ற வேலைகளில் இந்த இரண்டாவது வேறுபாட்டைக் கைக்கடிகாரம் வைத்து அளந்தால்தான் உணர முடியும். உயர்தரக் காணொளிகளைத் தொகுப்பவர்களுக்கும், நூற்றுக்கணக்கான ஜிபி கோப்புகளை நாள்தோறும் கையாள்பவர்களுக்கும் அது பயன்படும். மற்றவர்களுக்கு 14,000 என்ற எண் பெருமைக்கு உதவலாம், வேலைக்கு உதவாது.

எழுதும் வேகத்தில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. டிஎல்சி, கியூஎல்சி எஸ்எஸ்டிகள் தங்கள் இடத்தின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் வகைபோலப் பயன்படுத்திக்கொள்கின்றன. வருகிற தரவை முதலில் அங்கே விரைவாக வாங்கிவைத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் நிதானமாக உள்ளே அடுக்குகின்றன. திருமண மண்டபத்தில் வந்திறங்கும் சாமான்களை முதலில் கூடத்தில் இறக்கிவிட்டுப் பிறகு அறைகளுக்கு எடுத்துச் செல்வதைப் போல. கூடம் நிரம்பிவிட்டால் சாமான்கள் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். பெரிய கோப்புகளை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது, மலிவான கியூஎல்சி எஸ்எஸ்டிகள் சிலவற்றின் வேகம் விநாடிக்கு 100 மெகாபைட் அளவுக்கு, அதாவது பழைய வன்தட்டுக்கும் கீழே, இறங்கிவிடுகிறது. எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப அந்தக் கூடமும் சுருங்கும். எனவே, கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டுவைப்பது நல்லது.

ஆயுள் பற்றிய அச்சம்

‘சில நூறு முறை எழுதினால் தேய்ந்துவிடுமாமே’ என்று சிலர் என்னிடம் கவலையோடு கேட்பதுண்டு. இந்தக் கவலை மிகையானது. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒரே சிற்றறையை மீண்டும் மீண்டும் பயன்படுத்தாமல் எழுதும் சுமையை எல்லாச் சிற்றறைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. நிறுவனங்களும் மொத்தம் எத்தனை டிபி எழுதும் வரை உத்தரவாதம் செல்லும் என்று குறிப்பிடுகின்றன. 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்கு இது பெரும்பாலும் 600 டிபி. கியூஎல்சி என்றால் 200 டிபியை ஒட்டி இருக்கும். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதும் ஒரு வீட்டில் ஆண்டுக்கு 7.3 டிபி ஆகிறது. அந்தக் கணக்கில் முதலாவது எண்பது ஆண்டுகளுக்கும் மேல், இரண்டாவது இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் தாங்க வேண்டும். எழுதி எழுதித் தேய்ந்து போகும் முன்பே அந்தக் கணினி வழக்கொழிந்துவிடும்.

ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. வன்தட்டு பழுதாகும் முன் பெரும்பாலும் அறிகுறி காட்டும். டக்டக்கென்று ஒலி எழுப்பும், படிப்பதில் தயங்கும். எஸ்எஸ்டி பல நேரங்களில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓய்ந்துவிடும். சிற்றறைகள் நன்றாக இருந்தாலும், அவற்றை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு செயலிழந்தால், எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்பதை அறியும் வழியே அடைபட்டுப் போகிறது. தரவு பல சில்லுகளில் சிதறடிக்கப்பட்டும், பல வகைகளில் மறையாக்கம் செய்யப்பட்டும் இருப்பதால் மீட்பது கடினம். மீட்பு முயற்சிக்கான கட்டணமோ எஸ்எஸ்டியின் விலையைப் போலப் பல மடங்கு. தவறுதலாக அழித்த கோப்பை மீட்கும் வாய்ப்பும் குறைவு. வன்தட்டில் அழித்த கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டியிலோ, இந்த இடம் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் உடனே தெரிவித்துவிடுகிறது. கட்டுப்பாட்டுச் சில்லு அதைத் துடைத்து அடுத்த பயன்பாட்டுக்கு ஆயத்தமாக்கிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகளாகத் திரட்டிய நாட்டார் வழக்காற்றுக் குறிப்புகளையும் பேரப் பிள்ளைகளின் படங்களையும் புதிய எஸ்எஸ்டி ஒன்றுக்கு மாற்றினார். புதியதுதான் பாதுகாப்பானது என்று எண்ணிப் பழைய வன்தட்டைப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார். இரண்டாம் ஆண்டில் ஒரு காலையில் கணினி அந்த எஸ்எஸ்டியை அடையாளம் காணவே மறுத்தது. உத்தரவாதக் காலம் முடியவில்லை; நிறுவனம் புதிய எஸ்எஸ்டி ஒன்றை எந்த வாதமும் இன்றி அனுப்பிவைத்தது. அது காலியாக வந்தது. உத்தரவாதம் பொருளுக்குத்தான், அதற்குள் இருந்தவற்றுக்கு அல்ல என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது.

அலமாரியில் உறங்கும் எஸ்எஸ்டி

மின்னூட்டம் கசியும் இயல்புடையது என்பதால் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். ஜெடெக் எனும் பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த வரையறையின்படி, தனிநபர் கணினிக்கான எஸ்எஸ்டி ஒன்று, உறுதியளிக்கப்பட்ட அளவு முழுவதும் எழுதித் தீர்த்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும். புதிய எஸ்எஸ்டி இதைவிட மிக நீண்ட காலம் காக்கும். அதனால் பதற வேண்டியதில்லை. ஆனால் வெப்பம் கூடக் கூடக் கசிவு விரைவுபடும். நம் ஊர்க் கோடையில் பூட்டிய அலமாரிக்குள் 30 டிகிரி என்பது குளிர்ந்த நாள். படங்களை எஸ்எஸ்டியிலோ பென் டிரைவிலோ போட்டுப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, பத்தாண்டு கழித்துத் திறந்து பார்க்கலாம் என்று எண்ணுவது ஆபத்தான நம்பிக்கை. நெடுநாள் சேமிப்புக்கு, காந்தத் தட்டில் எழுதும் வன்தட்டே இன்றும் ஏற்றது. பெரிய கொள்ளளவுகளில் டிபிக்கான விலையிலும் அதுவே மலிவு.

மலிவின் பெயரால் நடக்கும் மோசடியையும் சொல்லியாக வேண்டும். இணையச் சந்தைகளில் 16 டிபி கையடக்க எஸ்எஸ்டி என்று ஓரிரண்டாயிரம் ரூபாய்க்கு விளம்பரங்கள் வருகின்றன. வீட்டுக் கணினியில் செருகும் எம்.2 வகையில் பரவலாக விற்பனையாகும் மிகப் பெரிய கொள்ளளவே 8 டிபிதான். அதன் விலை பல பத்தாயிரம் ரூபாய். அந்த மலிவு விளம்பரப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் சிறிய நினைவக அட்டை. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி அதன் மென்பொருள் திருத்தப்பட்டிருக்கும். உண்மையான இடம் நிரம்பியதும் புதிய கோப்புகள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும். கோப்பின் பெயர் திரையில் தெரியும். திறந்தால் ஒன்றும் இருக்காது.

விலை எனும் ஊஞ்சல்

விலை வீழ்ச்சி இயற்கையின் நியதி அல்ல என்பதையும் அண்மைக்காலம் நமக்குக் காட்டியிருக்கிறது. உலகின் ஃபிளாஷ் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், கியோக்சியா, சான்டிஸ்க், மைக்ரான் என ஒரு கைவிரல்களில் அடங்கும் நிறுவனங்களே தயாரிக்கின்றன. ஓர் ஆலை அமைக்கப் பல நூறு கோடி டாலர் தேவை. அமைத்த பின் அதை இடைவிடாது ஓட்டியாக வேண்டும். எனவே, தேவை சற்றுக் குறைந்தாலும் சரக்கு குவிந்து விலை சரியும். சற்றுக் கூடினாலும் தட்டுப்பாடு வந்து விலை எகிறும். 2019 ஜூன் மாதத்தில் ஜப்பானின் யொக்கைச்சி நகரில் 13 நிமிட மின்தடை ஏற்பட்டது. அதனால் அங்கிருந்த ஆலைகள் முடங்கி, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்துக்கு மட்டும் ஏறத்தாழ 60 லட்சம் டிபி அளவிலான உற்பத்தி இழப்பு உண்டானது.

2023-ல் நாம் கண்ட வியப்பூட்டும் மலிவு, பெருந்தொற்றுக் காலத்துத் தேவை வடிந்த பிறகு குவிந்த சரக்கின் விளைவு. உற்பத்தியாளர்கள் அந்த ஆண்டு பெரும் நட்டமடைந்தனர், உற்பத்தியைக் குறைத்தனர். ஆண்டின் இறுதியிலேயே விலை திரும்பத் தொடங்கியது. 2025-ன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ளத் தொடங்கியபோது விலை மீண்டும் உயர்ந்தது. வீட்டுப் பயனர்களிடையே நன்கு அறிமுகமான ‘குரூசியல்’ பெயரிலான நுகர்வோர் விற்பனையிலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரும் பணம் கொடுத்து மொத்தமாக வாங்குவோர் வரிசையின் முன்னால் நிற்கும்போது, வீட்டுக்கு ஒன்று வாங்குபவர் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

வாங்குமுன் எண்ண வேண்டியவை

இந்நிலையில் ஒரு சராசரிக் குடும்பம் என்ன செய்யலாம்? முதலாவதாக, வன்தட்டில் இயங்கும் பழைய கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக அதை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. என் வீட்டிலுள்ள பத்தாண்டுப் பழைய மடிக்கணினி, இயங்கத் தொடங்கி உலாவியைத் திறப்பதற்குள் இரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவாக அப்போது கிடைத்த ஒரு சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்திய பிறகு, அதே வேலை அரை நிமிடத்துக்குள் முடிகிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வந்தவை வன்தட்டு கொண்டவை. அவற்றுள் இன்னும் உயிருடன் இருப்பவற்றுக்கு இந்த ஒரு மாற்றமும், லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளமும் போதும். எழுதவும் படிக்கவும் இன்னும் சில ஆண்டுகள் அவை பயன்படும். குப்பைக்குப் போகும் மின்னணுக் கழிவும் அந்த அளவுக்குக் குறையும்.

இரண்டாவதாக, புதிதாக வாங்கும்போது கொட்டை எழுத்து வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது டிஎல்சியா கியூஎல்சியா, எத்தனை ஆண்டு உத்தரவாதம், எத்தனை டிபி எழுதும் வரை உத்தரவாதம் செல்லும் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். நாள்தோறும் பெரிய கோப்புகளை எழுதுபவர்கள் டிஎல்சியைத் தேர்வது நல்லது. சேமித்துவைத்துப் படிப்பதே பெரும்பாலான வேலை என்றால் கியூஎல்சியும் போதுமானது.

மூன்றாவதாகவும் முதன்மையாகவும், எந்தக் கோப்பும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது தரவுக் காப்பில் நெடுநாளாக வழங்கும் விதி. அன்றாடப் பயன்பாட்டுக்குக் கணினியின் எஸ்எஸ்டி; மாதம் ஒருமுறை நகலெடுத்து வைக்க ஒரு வெளிப்புற வன்தட்டு; இன்றியமையாத ஆவணங்களுக்கு மேகச் சேமிப்போ, உறவினர் வீட்டில் இருக்கும் மற்றொரு நகலோ. இதில் ஓர் எச்சரிக்கை: கைபேசியும் கணினியும் மேகத்தோடு தானாக ஒத்திசைந்துகொள்வது மட்டும் காப்பு ஆகாது. ஓரிடத்தில் தவறுதலாக அழித்தால் மற்ற இடங்களிலும் அது அழிந்துபோகக்கூடும். எடுத்துவைத்த நகலை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பார்த்து, படிக்க முடிகிறதா என்று உறுதி செய்துகொள்வதும் தேவை.

நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடவில்லை. செல்லும் பூச்சியும் அரித்துவிடும் என்று அறிந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள். படியெடுக்கப்பட்டவை நம் கைக்கு வந்து சேர்ந்தன. படியெடுக்கப்படாதவை பெயரளவில் எஞ்சின, அல்லது பெயரும் இல்லாமல் மறைந்தன. அவர்களுக்குப் பல வாரங்கள் பிடித்த அந்த வேலை நமக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஃபிளாஷ் நினைவகம் நமக்கு வேகத்தை மலிவாகக் கொடுத்திருக்கிறது. பாதுகாப்பை அதனோடு சேர்த்துக் கொடுக்கவில்லை. எஸ்எஸ்டியின் விலை சரிந்ததால் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை இரண்டாவது பிரதிக்குச் செலவிடும் குடும்பமே இந்த மலிவின் முழுப் பயனைப் பெற்றதாகும்.